பெட்டி நம்ம வீட்டில், சாவி யார் கையில்?



இந்தக் கட்டுரை வீடியோ கேம் பற்றியது. இப்படிச் சொன்னதும் பையன்கள் எல்லாம் முண்டியடிச்சு முன்னால் வந்து நிற்பீங்க. பெண்கள் "நமக்கென்ன வந்தது"ன்னு அடுத்த தாளுக்குப் போயிடுவீங்க. தயவுசெய்து போகாதீங்க தோழிகளே, முக்கியமா உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆசிரியர்களும் முகம் சுளிக்க வேண்டாம். நாள் முழுக்க விளையாடுங்கள் என்று நான் எழுத வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம், வீட்டில் அது யார் கைக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கத்தான் வந்தேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிடறேன். டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிக்குக் கன்சோல் என்று பெயர். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் எல்லாம் கன்சோல்தான். விலை யானை விலை. அதிலும் ஏழை நாட்டுக்கு ஒரு விலை, பணக்கார நாட்டுக்கு ஒரு விலை என்று ஆகிவிடுகிறது. 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 399 டாலர். அதே பெட்டிக்குப் பிரேசில் நாட்டில் 3,999 ரெயால். அன்றைய கணக்கில் அது 1,800 டாலருக்கும் மேல்! வரிதான் பெரிய காரணம் என்று கம்பெனி சொன்னது. காரணம் எதுவாக இருந்தாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதானே?

இந்த இடத்தில்தான் சிலருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. செல்போன் கோடிக்கணக்கில் தயாராகிறது. அதனால் அதற்குள் இருக்கும் சிப் மலிவாகக் கிடைக்கிறது. அந்தச் சிப்பை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, ஒரு வயரை டிவியில் சொருகி, கையில் பிடிக்க ஒரு கன்ட்ரோலர் கொடுத்தால் போதும், மலிவு விலைக் கன்சோல் தயார். யோசனை நல்லாத்தானே இருக்கு? அதை நம்பி வந்த பெட்டிகளின் கதையைக் கேளுங்கள்.

முதல் பெட்டியின் பெயர் ஜீபோ. அமெரிக்காவின் குவால்காம் கம்பெனியும் பிரேசிலின் டெக்டாய் கம்பெனியும் சேர்ந்து கொண்டு வந்தது. 2009-ல் பிரேசிலில் விற்பனைக்கு வந்தது, பிறகு மெக்சிகோவுக்கும் போனது. ஆரம்ப விலை 499 ரெயால், பிறகு அதையும் குறைத்தார்கள். உள்ளே இருந்தது செல்போன் சிப். முதல் ஆண்ட்ராய்டு போனில் இருந்த அதே சிப்தான். டிஸ்க் கிடையாது. 3ஜி செல்போன் சிக்னல் வழியாகவே விளையாட்டை இறக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு டேட்டா காசும் தனியாக இல்லை. டிஸ்க் இல்லாததால் திருட்டு சிடி போடவும் வழியில்லை. கம்பெனி மனதில் வைத்திருந்த நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைகளை நினைத்து ஒரு பெட்டி செய்திருக்கிறார்கள்! ஆனால் அது நம்ம ஊருக்கு வந்து சேரவே இல்லை. 2011-லேயே பிரேசிலில் கடையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பெட்டியை வைத்திருந்தவர்கள் புதுசா ஒரு விளையாட்டைக்கூட இறக்க முடியாது.

இரண்டாவது பெட்டி ஊயா. இது அமெரிக்கக்காரர்களுடையது. 2012 ஜூலையில் கிக்ஸ்டார்ட்டர் என்ற இடத்தில் பொதுமக்களிடமே பணம் கேட்டார்கள். நம்ம ஊரில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்வது போலத்தான், பெட்டி பிறகு வரும், பணம் இப்போதே. கேட்டது 9,50,000 டாலர். எட்டு மணி நேரத்தில் அது சேர்ந்துவிட்டது. ஒரே மாதத்தில் 63,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தது மொத்தம் சுமார் 86 லட்சம் டாலர்! பெட்டி விலை 99 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 5,500 ரூபாய். ஆண்ட்ராய்டில் ஓடும், உள்ளே என்விடியாவின் டெக்ரா 3 என்ற மொபைல் சிப். யார் வேண்டுமானாலும் இதற்கு விளையாட்டு எழுதலாம், எல்லா விளையாட்டையும் கொஞ்ச நேரமாவது இலவசமாக ஆடிப் பார்க்க விட வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2013 ஜூன் 25 அன்று கடைகளுக்கு வந்தது. அதே ஆண்டில் 79 டாலருக்கு கேம்ஸ்டிக் என்று இன்னொன்றும் வந்தது. அது ஒரு குச்சி அளவுதான், நேராக டிவியில் சொருக வேண்டியது.

ஆஹா ஓஹோ என்று வந்தவை என்ன ஆயின? ஊயாவில் பட்டன் சிக்கிக்கொள்கிறது என்று புகார் வந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. 2015-ல் அதன் மென்பொருள் பகுதியை ரேசர் என்ற கம்பெனி வாங்கியது. 2019 ஜூன் 25 அன்று, அதாவது கடைக்கு வந்து சரியாக ஆறு வருடம் ஆன நாளில், சர்வரை நிறுத்திவிட்டார்கள். கேம்ஸ்டிக் அதற்கும் முன்பே, 2017-ல் முடிந்துபோனது.

ஏன் தோற்றன? நான் படித்ததையும் யோசித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதல் காரணம், போட்டிக்கு வந்தவன் வெளியாள் இல்லை, அண்ணன்தான். செல்போன் சிப்பில் பெட்டி செய்தால், செல்போனே போட்டிக்கு நிற்கும். அதே விளையாட்டு போனிலேயே இலவசமாக ஓடும்போது தனிப்பெட்டி எதற்கு என்று மக்கள் நினைத்தார்கள். இரண்டாவது, போன் விளையாட்டுகள் விரலால் தேய்த்து ஆடுவதற்காகச் செய்தவை. அதைப் பெரிய டிவியில் போட்டால் எடுபடவில்லை. மூன்றாவது, பெரிய கைகள் உள்ளே வந்தன. 2014-ல் அமேசான் அதே 99 டாலருக்கு ஃபயர் டிவி என்ற பெட்டியை விற்றது. படமும் பார்க்கலாம், தனியாகக் கன்ட்ரோலர் வாங்கினால் விளையாடவும் செய்யலாம். பெட்டியில் லாபம் வராவிட்டாலும் அமேசானுக்கு வேறு வியாபாரம் இருக்கு. சின்னக் கம்பெனிக்குப் பெட்டியை விட்டால் வேறு என்ன இருக்கு?

"செல்போன் சிப் மட்டமானது, அதனால்தான் தோற்றது" என்று சிலர் சொல்லலாம். அது சரியில்லை. 2017-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி ஸ்விட்ச் என்ற கன்சோலைக் கொண்டு வந்தது. அதற்குள் இருந்ததும் டெக்ரா குடும்பத்துச் சிப்தான், டெக்ரா எக்ஸ்1. அது உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது! ஒரே குடும்பத்துச் சிப், ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. வித்தியாசம் எங்கே? நின்டெண்டோவிடம் மரியோ மாதிரி சொந்த விளையாட்டுகள் இருந்தன, அதை ஆட அந்தப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். அரிசி ஒன்றாக இருந்தாலும் குழம்பு ருசியாக இருக்கும் வீட்டில்தானே சாப்பாடு நிறைய இறங்கும்? ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2017-ல் வந்தபோது ஸ்விட்ச் விலை 299 டாலர். அது மலிவுப் பெட்டி இல்லை. ஆக, ஜெயித்தது செல்போன் சிப், தோற்றது ஏழை வீட்டுப் பிள்ளை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

என் முதல் கருத்து: மலிவாகத் தருகிறேன் என்று சொல்லி விற்பவர், மூடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

டெக்டாய் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜீபோவுக்கு இருபது வருடம் முன்பு, 1989-லிருந்து அதே கம்பெனி பிரேசிலில் செகா மாஸ்டர் சிஸ்டம் என்ற கன்சோலை விற்று வந்தது. அதில் கேசட் போட்டு ஆட வேண்டும். அந்தப் பெட்டியும் கேசட்டும் கெடாமல் இருந்தால் இன்றைக்கும் ஆடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தாத்தா பெட்டி ஆடுகிறது, பேரப் பெட்டிக்குக் கடையே இல்லை! ஏன்? பழைய பெட்டியில் விளையாட்டு நம் வீட்டு அலமாரியில் இருந்தது. புதுப்பெட்டிக்கு விளையாட்டு கம்பெனியின் சர்வரிலிருந்து வந்தது. நாம் வாங்கியது வீடு என்று நினைத்தோம், ஆனால் அது வாடகை வீடு. வாடகை வீட்டுக்காவது ஒப்பந்தம் உண்டு, காலி செய்ய மூன்று மாதமாவது தருவார்கள்.

"கம்பெனி நஷ்டத்தில் மூடினால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் மூடுவதிலும் ஒரு முறை இருக்கு. கூகுள் 2019-ல் ஸ்டேடியா என்று ஒன்றைத் தொடங்கி 2023 ஜனவரியில் மூடியது. அப்போது தன் கடையில் மக்கள் வாங்கிய விளையாட்டுகளுக்கும் கன்ட்ரோலருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அது பெரிய கம்பெனி, கொடுத்துவிட்டது. பணம் இல்லாத சின்னக் கம்பெனி வேறு ஒன்று செய்யலாம். கடைசியாக ஒரு அப்டேட் கொடுத்து, வாங்கிய விளையாட்டு நெட் இல்லாமலே ஓடும்படி பூட்டைத் திறந்துவிட்டுப் போகலாம். அதற்குப் பணத்தைவிட மனசுதான் அதிகம் வேண்டும்.

இதைக் கேட்பது நான் மட்டும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. நெட்டில் விளையாட்டோ படமோ விற்கும்போது, "இது உங்களுக்கு முழுச் சொந்தம் இல்லை, பயன்படுத்த அனுமதி மட்டும்தான்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில், விற்ற விளையாட்டைச் செயலிழக்கச் செய்யாதே என்று கேட்கும் மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. நம்ம ஊர் பிஸ்கட் பாக்கெட்டில்கூடக் காலாவதி தேதி போட்டிருக்கு. ஆயிரக்கணக்கில் விலை உள்ள பெட்டியின் அட்டையில், "எங்கள் சேவை குறைந்தது இந்த வருடம் வரை இருக்கும்" என்று ஒரு வரி போட்டால் என்ன?

இப்போது நம்ம ஊர்த் திருவிழாக் கடைகளிலும் டவுன் கடைகளிலும் தொங்குகிறதே, பத்தாயிரம் கேம் இருக்கு என்று எழுதிய குச்சி, அதைப் பற்றியும் சொல்லணும். அதில் இருக்கும் பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் அனுமதி வாங்காமல் காப்பி எடுத்தவை. அது தப்பு, சந்தேகமில்லை. எங்கள் அத்தை பையன் வாங்கியதில் ஒரு கன்ட்ரோலர் ஒரே வாரத்தில் வேலை செய்யவில்லை. திருப்பிக் கேட்கலாம் என்றால் திருவிழா முடிந்து கடையே இல்லை. இருந்தாலும் ஜனங்கள் ஏன் அதை வாங்குகிறார்கள்? நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், சொருகினால் ஓடுது. நேர்மையான கம்பெனிகள் செய்யாததை நேர்மை இல்லாதவர்கள் செய்கிறார்கள். இதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக அந்தக் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளணும்.

என் இரண்டாவது கருத்து தோழிகளுக்காக. போன் ஜெயித்தது, பெட்டி தோற்றது என்கிறார்களே, அந்த வெற்றியில் நமக்குப் பங்கு இருக்கா?

போன் என்பது ஒரு கை பிடிக்கும் பொருள். டிவி என்பது கூடத்தில் இருக்கும் பொருள். வீட்டில் ஒரே போன் இருந்தால் அது முதலில் அப்பாவிடம். அவர் வந்து வைத்தவுடன் தம்பியிடமோ அண்ணனிடமோ போகும். நாம் கேட்டால், "பொம்பளப் பிள்ளைக்குப் போன் எதுக்கு?" நம்ம வகுப்பிலேயே பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுப் பாருங்கள். 2019-21-ல் மத்திய அரசு எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருப்பவர்கள் சுமார் 54 சதவீதம்தான் என்று இருக்கிறது. அம்மாக்களுக்கே இந்த நிலைமை என்றால் மகள்களுக்கு?

ஆனால் டிவி அப்படி இல்லை. 2006-லிருந்து தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுத்த பிறகு கூரை வீட்டிலும் டிவி வந்தது. சீரியல் நேரத்தில் ரிமோட் அம்மா கையில்தான்! டிவியில் ஓடும் பெட்டிக்கு இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் இரண்டு பேர் ஆட வேண்டும். தம்பிக்கு ஆள் வேண்டும் என்றால் அக்காவைக் கூப்பிட்டுத்தான் ஆகணும். ஊயாவில் ரொம்பப் பேர் வாங்கிய விளையாட்டுகளில் டவர்ஃபால் என்று ஒன்று உண்டு. அம்பு விட்டு ஆடுவது, ஒரே அறையில் நான்கு பேர் வரை உட்கார்ந்து ஆடலாம். போனில் இந்த மாதிரி நான்கு பேர் ஆடப் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு போன் வேண்டும். பல்லாங்குழியும் தாயமும் எப்படி? ஒரே பலகை, சுற்றி எல்லாரும். மலிவுக் கன்சோல் அந்தப் பலகை மாதிரி. போன், பலகையை ஒருத்தன் மட்டும் மடியில் வைத்துக்கொண்ட மாதிரி.

இதில் மலிவுப் பெட்டி செய்தவர்கள் பக்கமும் ஒரு குறை சொல்வேன். ஊயாவில் எச்.டி.எம்.ஐ. வயர் மட்டும்தான் மாட்ட முடியும். இலவசமாக வந்த பழைய குண்டு டிவியில் அந்த ஓட்டையே கிடையாது, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பின்தான். மலிவு என்பது பெட்டியின் விலையில் மட்டும் இல்லை. அதை மாட்டுவதற்குப் புது டிவி வாங்க வேண்டும் என்றால் அது எப்படி மலிவாகும்? செருப்பு மலிவு என்று வாங்கி, அதற்காகக் காலை மாற்ற முடியுமா?

"இலவச போன் கேம் இருக்கும்போது காசு கொடுத்து வாங்குவது ஏன்?" என்று பையன்கள் கேட்பீங்க. இலவசம் என்பது வாசலில் மட்டும்தான். உள்ளே போனால் துப்பாக்கிக்குக் காசு, சட்டைக்குக் காசு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். பெட்டி வாங்கும்போது அப்பா ஒரு முறை விலை பேசுவார், முடிந்தது. போன் விளையாட்டில் நம்மிடம் தினமும் விலை பேசுகிறார்கள், அதுவும் அப்பா பார்க்காத நேரத்தில். எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆசிரியர்கள் கேட்கக்கூடியதும் எனக்குத் தெரியும். "இரண்டும் வேண்டாம், படிப்பைப் பார்." படிக்கிறோம் ஐயா. ஆனால் பிள்ளைகள் விளையாடத்தான் செய்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு போனில் தனியாக ஆடுவதைவிட, கூடத்தில் அம்மா கண் முன்னால், நேரம் சொல்லி, அண்ணன் தங்கை சேர்ந்து ஆடுவது நல்லதா இல்லையா? மணி எட்டு ஆனால் டிவியை நிறுத்த அம்மாவால் முடியும். போர்வைக்குள் இருக்கும் போனை யார் நிறுத்துவது?

ஆகவே நான் கேட்பது மூன்று. மலிவுப் பெட்டி விற்பவர்கள் அதன் ஆயுளை அட்டையில் எழுதட்டும், மூடும்போது பூட்டைத் திறந்துவிட்டுப் போகட்டும். வாங்கும் பெற்றோர்கள் "எவ்வளவு?" என்று கேட்பதோடு, "நெட் இல்லாமல் ஓடுமா? கெட்டால் யாரிடம் வர?" என்றும் கேட்கட்டும். வீட்டில் போனோ பெட்டியோ எது இருந்தாலும், ஆடுவதற்குப் பிள்ளைகளுக்குள் முறை வைக்கட்டும். தம்பிக்கு அரை மணி என்றால் அக்காவுக்கும் அரை மணி. பாத்திரம் கழுவுவதிலும் அதே முறை இருந்தால் இன்னும் நல்லது!

மாற்றுக் கருத்து உள்ளவர்கள், முக்கியமா பத்தாம் வகுப்பு அண்ணன்கள், அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள். பதில் சொல்ல நான் தயார்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி